காட்டுக்குள்ளே தூண்டில் போடலாமா? மலையகத்து மீன்பிடிக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

தூண்டிலும் கையுமாகத் திரிகிறவன் என்று பெயர் எடுத்துவிட்டதால் இந்தக் கேள்விகள் எல்லாம் என்னிடம்தான் வருகின்றன. கொழும்பிலிருந்து வார இறுதிக்கு வருகிறவர்கள் ஒரு மாதிரி கேட்கிறார்கள், தோட்டத்துப் பையன்கள் வேறு மாதிரி கேட்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மச்சான்மார் ரீலும் ராடும் வாங்கிக்கொண்டு வந்து இறங்கிய பிறகுதான் கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. நான் விஞ்ஞானியும் இல்லை, அதிகாரியும் இல்லை. தலவாக்கலைப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்து, ஒன்பது வயதில் மூங்கில் கம்பில் தங்கூசி, அதாவது நைலான் நூல், கட்டிப் பழகி, இன்னும் அந்தப் பழக்கத்தை விடாத ஆள், அவ்வளவுதான்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: பூங்காவுக்குள் நம் ஊர் மீனைப் பிடிக்கலாமா?

கூடாது.

சட்டம் ஒரு காரணம், ஆனால் அது மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். மலையகத்தில் மீன் பிடிக்க இடத்துக்குப் பஞ்சமே இல்லை. டேம்கள் இருக்கின்றன, குளங்கள் இருக்கின்றன, அவற்றில் மனிதன் கொண்டுவந்து விட்ட மீன் நிறைய இருக்கிறது. நம் ஊர் மீனுக்கு மிஞ்சியிருப்பது காட்டுக்குள் இருக்கும் கொஞ்சம் ஓடைகள்தான். அத்தனை தண்ணீரையும் விட்டுவிட்டு அந்தக் கொஞ்சத்தில் போய்த்தான் முள்ளைப் போடுவேன் என்று ஒருவர் அடம்பிடித்தால், அவருக்கு மீன் பிடிப்பதில் ஆசையா, இல்லை வேலி தாண்டுவதில் ஆசையா என்றுதான் எனக்குச் சந்தேகம் வரும்.

பூங்கா என்றால் எது எது? எல்லாக் காடும் ஒன்றுதானா?

இல்லை, இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஹோர்டன் சமவெளி தேசிய பூங்கா, 1988இல் அந்தத் தகுதி கிடைத்தது. நுவரெலியா நகரத்தை ஒட்டியே கால்வேஸ் லேண்ட் என்று ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது, 2006இலிருந்து அதுவும் தேசிய பூங்காதான். சிவனொளிபாதமலையைச் சுற்றியுள்ள காடு 1940இலேயே சரணாலயம் ஆனது. ஹக்கலைக் காடு இன்னும் கடுமை, ஆய்வுக்கு என்று அனுமதி வாங்காமல் உள்ளே கால் வைக்கவே முடியாது. இவை எல்லாம் வனசீவராசிகள் திணைக்களத்தின் கையில் இருக்கின்றன, 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. நக்கிள்ஸ் மலைத்தொடரைப் பார்ப்பது வேறு திணைக்களம், அதாவது காட்டுத் திணைக்களம். ஹோர்டன், நக்கிள்ஸ், சிவனொளிபாதமலைக் காடு மூன்றையும் சேர்த்து 2010இல் உலக மரபுரிமை இடமாக யுனெஸ்கோ அறிவித்தது.

தேசிய பூங்காவுக்கு உங்களுக்குச் சீட்டுத் தருவதே உள்ளே இருக்கும் உயிர்களைப் பார்க்கத்தான். எடுக்கவோ கொல்லவோ இல்லை. ஹோர்டன் வாசலில் தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் லேபலைக்கூட உரித்து வாங்கிக்கொள்கிறார்கள், அந்த வாசலில் தூண்டில் பெட்டியைத் திறந்து காட்டிப் பாருங்கள் என்ன நடக்கும் என்று. சரணாலயத்துக்குள் தனியார் காணி, தேயிலைத் தோட்டம் எல்லாம் வரலாம் என்பதால் அங்கே எல்லை குழப்பமாக இருக்கும். தோட்டத்து ஓடை எங்கே முடிகிறது, காட்டு ஓடை எங்கே தொடங்குகிறது என்று பலகை வைத்துக் காட்டமாட்டார்கள். தெரியாவிட்டால் பக்கத்து அலுவலகத்தில் கேளுங்கள். கேட்க வெட்கமாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் பதில் உங்களுக்கே தெரியும் என்று அர்த்தம்.

நம் ஊர் மீன் எது, வந்த மீன் எது? எனக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரிகிறது.

பரவாயில்லை, எனக்கும் சின்ன வயதில் அப்படித்தான். டேமில் சிக்கும் திலாப்பியா நம் ஊர் மீன் என்று எங்கள் தோட்டத்தில் எல்லாரும் நம்பினார்கள், ஏனென்றால் எங்கள் அப்பா காலத்திலும் அது இருந்தது. உண்மையில் 1952இல்தான் அதை இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள், ஆப்பிரிக்க மீன். கிரகரி ஏரியில் சிக்கும் கொழுத்த கார்ப் அதற்கும் முன்னால் 1915இல் ஐரோப்பாவிலிருந்து வந்தது. குளிர் தண்ணீரில் வாழும் வேட்டை மீனான ட்ரவுட் அதற்கும் முன்னால்.

நம் ஊர் மீன் என்றால், ஓடையில் கல்லோடு ஒட்டிக் கிடக்கும் விரல் நீளத்து மீன், சிங்களத்தில் கல் பாண்டியா என்பார்கள். குட்டையிலும் வாய்க்காலிலும் ஒளிந்திருக்கும் குட்டி விரால். கடலில் பிறந்து ஆறு ஆறாக ஏறி வரும் விலாங்கு. பெரிய ஆறுகளில் மாசீர் என்னும் பெரிய செதில் கெண்டை, மீன்பிடிக்காரர்கள் கனவில் காண்கிற மீன் அதுதான். மகாவலியின் மேல்பகுதியில் பாறைக்கு நடுவே வேகமாக ஓடும் ஆழத் தண்ணீரில் மட்டும் வாழும் பச்சை நிற லேபியோ என்னும் கெண்டை வகை ஒன்று உண்டு, அது உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. நக்கிள்ஸ் பக்கத்து ஓடைகளில் மட்டும் வாழும் கெண்டை வகைகள் இரண்டு மூன்று இருக்கின்றன, இலுக்கும்புரப் பக்கம் போனால் தெளிந்த தண்ணீரில் மேலிருந்தே பார்க்கலாம்.

இலங்கையின் நன்னீர் மீன் வகைகள் மொத்தம் 90க்கு மேல், அதில் பாதிக்கு மேல் இந்தத் தீவை விட்டால் வேறு எங்கும் இல்லாதவை. அதிலும் ஒரு மலைத்தொடர், ஒரு ஆறு என்று குறுகிக் கிடப்பவை எத்தனையோ. இங்கே தொலைத்தால் இந்தியாவிலிருந்து கொண்டுவந்து நிரப்ப முடியாது.

ஹோர்டன் சமவெளியில் இருக்கிற ட்ரவுட் நம் மீன் இல்லையா? நூறு வருடத்துக்கு மேல் இருக்கிறதே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மலையகத்து மீன்கதையே இதில்தான் இருக்கிறது.

வெள்ளைக்காரத் துரைமார் காட்டை வெட்டிக் கோப்பியும் பிறகு தேயிலையும் நட்டு முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குப் பொழுதுபோக்குத் தேடினார்கள். நுவரெலியாவின் குளிரைப் பார்த்தால் அவர்களுக்கு ஊர் ஞாபகம், ஊர் ஞாபகம் வந்தால் ட்ரவுட் ஞாபகம். இங்குள்ள ஓடைகளில் அவர்கள் விளையாட்டுக்குத் தகுந்த மீன் எதுவும் இல்லை. அதனால் 1880களில் முட்டைகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து பொரிக்கவைத்து விட்டார்கள். முதலில் விட்ட பழுப்பு ட்ரவுட் சரியாகப் பிடிக்கவில்லை, பின்னால் வந்த வானவில் ட்ரவுட் ஊன்றிக்கொண்டது. 1896இல் இதற்கென்றே சிலோன் ஃபிஷிங் கிளப் தொடங்கினார்கள். ஆக்ரா ஓயா, அம்பேவெல, ஹோர்டன் சமவெளி என்று எங்கெல்லாம் தண்ணீர் குளிர்ந்து ஓடியதோ அங்கெல்லாம் மீன் குஞ்சு போனது. உரிமம் வாங்கியவர் பிடிக்கலாம், மற்றவர் பிடித்தால் திருட்டு. அந்த மற்றவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, துரைக்கு மீன் வந்தது, ஓடைக்கு என்ன வந்தது? ஹோர்டன் சமவெளியின் ஓடையில் ஒரு சின்ன இறால் இருக்கிறது, கரிடினா சிங்களென்சிஸ் என்று பெயர். உலகத்திலேயே அந்தச் சமவெளியின் ஓடையில் சில கிலோமீட்டருக்குள் மட்டும் வாழ்கிறது. அதே குளிர்த் தண்ணீரில் நம் மலைக்கே உரிய நண்டுகளும் தவளைகளும் வாழ்கின்றன. இலங்கையின் நன்னீர் நண்டு வகைகள் 50ஐத் தாண்டும், கிட்டத்தட்ட எல்லாமே இந்தத் தீவுக்கு மட்டும் உரியவை, அவற்றில் பல ஒரு மலையின் ஒரு சரிவை விட்டு நகராதவை. லட்சக்கணக்கான வருடமாக ட்ரவுட் மாதிரி ஒரு வேட்டை மீனைப் பார்க்காத உயிர்கள் இவை. ட்ரவுட் எதைத் தின்னும்? வாய்க்குள் போகிற எதையும். இறாலும் தவளைக் குஞ்சும் ட்ரவுட்டுக்கு இரையாகிக் குறைந்துவிடும் என்று உயிரியல்காரர்கள் கவலைப்படுவது இதனால்தான்.

ஆக ஹோர்டனில் நம் ஊர் உயிர் என்றால் அது தூண்டிலில் மாட்டும் மீன் இல்லை, அந்த மீனின் வயிற்றுக்குள் போகிறது. நூறு வருடம் இருந்தால் நம் மீனா என்று கேட்டால், கருவேப்பிலைப் பக்கத்தில் முளைத்த பார்த்தீனியமும் நாளைக்கு நம் செடி ஆகிவிடும்.

அப்படியானால் ட்ரவுட்டைப் பிடித்துத் தீர்ப்பது புண்ணியம்தானே? ஹோர்டனில் போய்ப் பிடிக்கலாமா?

கெட்டிக்காரத்தனமான கேள்வி. அடுத்து வருவதையும் நானே சொல்லிவிடுகிறேன்: பிடித்துப் பொரித்தும் தின்னலாம், இயற்கைக்குச் சேவையும் ஆச்சு.

ட்ரவுட்டை அந்த ஓடையிலிருந்து எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதைத் திணைக்களம் திட்டம் போட்டு, மேலே ஏறி வராதபடி ஓடையை மறித்து, குஞ்சு முதல் கிழம் வரை எடுத்தால்தான் பயன். பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர் பெரிய மீனை எடுப்பார், குஞ்சை விட்டுவிடுவார், அடுத்த வருடமும் மீன் இருக்க வேண்டும் என்றுதான் உள்ளூர ஆசைப்படுவார். மீன்பிடிக்காரன் மனசு எனக்குத் தெரியாதா? ட்ரவுட் தீர்ந்துபோனால் முதலில் அழுகிறவன் அவன்தான். அதனால்தான் உலகம் முழுக்க விளையாட்டு மீனைப் பொழுதுபோக்குக்காரரே கொண்டுபோய் விடுகிறார்கள், அவரே அழித்த கதை குறைவு.

திணைக்களமே கூப்பிட்டு, அனுமதி தந்து, பிடித்ததைத் திருப்பி விடாதே என்று சொன்னால் முதல் ஆளாக நான் போவேன். அதுவரைக்கும் இல்லை. ஹோர்டனில் ட்ரவுட்டைப் பிடித்துவிட்டுத் திருப்பி விடுவதுதான் பண்பு என்று ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். திருடனைப் பிடித்து முத்தம் கொடுத்து அதே வீட்டுக்குள் திருப்பி அனுப்புகிற பண்பு.

நான் பிடித்தாலும் உடனே விட்டுவிடுவேன். மீனுக்கு ஒன்றும் ஆகாதே?

மீன் நீந்திப் போகிறது, நாமும் கையைத் துடைத்துக்கொண்டு நல்லவராகிவிடுகிறோம். அது பாறைக்கு அந்தப் பக்கம் போய் என்ன ஆகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

இழுபறியில் மீனின் தசைக்குள் அமிலம் சேர்கிறது, நாம் மலை ஏறினால் கால் கடுக்கிற மாதிரி, ஆனால் அதைவிடப் பல மடங்கு. வெளியே தூக்கினால் செவுள் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி மூச்சு நிற்கிறது. காய்ந்த கையால் பிடித்தால் உடம்பின் வழவழப்பு உரிகிறது, அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். முள்ளை விழுங்கியிருந்தால் சொல்லவே வேண்டாம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பிராணவாயு குறைவு, அப்போது இழுபறிக்குப் பிறகு மீன் தேறுவது இன்னும் கடினம். மழை தொடங்கியதும் முட்டையோடு மேலேறும் மீனைப் பிடித்துவிட்டு விட்டால், அது முட்டையிடாமலே திரும்பிவிடவும் கூடும்.

இதையெல்லாம் கவனித்து, எதிர்க்கொக்கி இல்லாத வழுக்கு முள் போட்டு, தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கழற்றி விட்டால் பெரும்பாலான மீன் பிழைக்கும், உண்மைதான். டேமில் குஞ்சுக் கார்ப் பிடித்தால் நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் பூங்காவுக்குள் கேள்வி அதுவல்ல. பத்தில் ஒன்று செத்தாலும், அந்த இனத்தில் மிஞ்சியிருப்பதே இரண்டு மூன்று ஓடையில்தான் என்றால், அந்த ஒன்றை எந்தக் கணக்கில் எழுதுவது?

நான் ஒருத்தன், ஒரு நாள், இரண்டு மீன். அதில் என்ன வந்துவிடப்போகிறது?

ஓடையைப் பாருங்கள். மேலே ஒரு அருவி, கீழே ஒரு அருவி, நடுவில் நானூறு ஐந்நூறு மீட்டர் தண்ணீர். அதற்குள் இருக்கும் மீன் பெரும்பாலும் அங்கேயேதான் பிறந்து அங்கேயே சாகும். கடலில் பிடித்தால் வேறு மீன் வந்து நிரப்பும், இங்கே நிரப்ப ஆள் கிடையாது. அப்புறம், தூண்டிலில் சிக்குவது குஞ்சு இல்லை, பெரிய மீன். பெரியது என்றால் பெரும்பாலும் முட்டை நிறைய இடும் தாய்.

நீங்கள் ஒருத்தர் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்த இரண்டு மீனையும் போட்டோ எடுத்து முகநூலில் போட்டதும் அடுத்த போயா விடுமுறைக்கு மூன்று வேன் வந்து நிற்கும்.

எங்கள் ஆட்கள் பூங்கா வருவதற்கு முன்பிருந்தே அந்த ஓடையில் மீன் பிடித்தார்கள். இப்போது எங்களைத் தடுத்தால் நியாயமா?

இந்தக் கேள்வியில்தான் நானும் தடுமாறுவேன், பொய் சொல்ல மாட்டேன்.

தோட்டத்துச் சம்பளத்தில் கடல் மீன் வாங்கிச் சாப்பிடுவது எல்லா வாரமும் முடியாது. நெத்தலிக் கருவாடு, அதுவும் எண்ணிப் போடுவார்கள். மழை நாளில் ஓடைக்குப் போய் நாலு நண்டு பிடித்து வந்து அம்மா ரசம் வைத்தால் சளிக்கும் நல்லது, சோற்றுக்கும் நல்லது. கொழுந்துப் பையைத் துவைத்து வடிகட்டி மாதிரி பிடித்துக் குஞ்சு மீன் அள்ளியிருக்கிறோம். அதெல்லாம் வயிற்றுக்காக, யாரும் அளவெடுத்துப் போட்டோ பிடிக்கவில்லை. துரை வந்தால் ஓடி ஒளிந்தோம், ஏனென்றால் ஓடையும் துரையுடையதுதான்.

ஆகவே, காட்டு ஓரத்தில் இருக்கும் ஒரு அம்மா நாலு நண்டு பிடித்தால் கையில் விலங்கு மாட்டுவதும், ஜீப்பில் வந்து இறங்குகிறவர் தூண்டில் போட்டால் சார் சார் என்று வழிவிடுவதும் ஒரே நாட்டில் நடந்தால் அந்தச் சட்டத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையனைத் தங்கூசியோடு பிடித்து அரை நாள் உட்காரவைத்தார்கள், அதே வாரம் அதே ஓடையில் நல்ல ராடோடு நின்றவரை ஒன்றும் கேட்கவில்லை. எங்கே, யார் என்று எழுதப்போவதில்லை. இரண்டு பேரையும் தடுக்க வேண்டும், அல்லது இரண்டு பேரையும் விட வேண்டும். என்னைக் கேட்டால், தடுக்க வேண்டும்.

ஏன் என்றால் அன்றைக்கு அந்த ஓடைக்கு நாங்கள் மட்டும்தான். இன்றைக்கு மேலே மரக்கறித் தோட்டத்து மருந்து, நடுவில் தங்குமிடங்களின் கழிவு, கீழே டேம். எங்கள் தாத்தா காலத்து ஓடை தாங்கியதை இன்றைய ஓடை தாங்காது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மீன் வேண்டும் என்றால் டேமில் மீன் பிடிக்க வள்ளமும் வலையும் உரிமையும் கொடுங்கள் என்று கேட்போம், அது கேட்கத் தகுந்த கேள்வி. காட்டுக்குள் மிஞ்சியதைத் திறந்துவிடு என்று கேட்டால் முதலில் உள்ளே போவது நம் பிள்ளைகள் இல்லை, ஜீப்தான்.

டேம் கட்டினார்கள், மருந்து அடிக்கிறார்கள், வெடி போடுகிறார்கள். என் ஒரு முள்ளைப் பிடித்துக்கொண்டு ஏன் தொங்குகிறீர்கள்?

நீங்கள் சொல்வது சரி, அவை எல்லாம் உங்கள் முள்ளைவிடப் பெரிய கொலைகாரர்கள். காசல்ரீ, மவுசாகலை, பொல்கொல்லை, கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகலை என்று 1960களிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டினார்கள். 2012இல் மேல் கொத்மலையும் வந்து எங்கள் சென் கிளேயர் அருவியையே நூலாக்கிவிட்டது. ஓடுகிற தண்ணீரில் மட்டும் வாழும் மீனுக்கு அது நின்றுபோனால் வீடு போச்சு. கடலிலிருந்து ஏறும் விலாங்குக்குச் சுவர் எழுந்தால் வழி போச்சு. கந்தப்பளை, நுவரெலியாப் பக்கத்து லீக்ஸ், உருளைக்கிழங்குக் காணிகளிலிருந்து மழைக்கு இறங்குகிற மண்ணையும் மருந்தையும் எல்லாரும் பார்க்கிறோம். வெடியும் நஞ்சும் ஒரே நிமிடத்தில் ஒரு குழியையே காலி செய்யும்.

அதனால்தான் காட்டுக்குள் இருக்கும் ஓடையை விட்டுவையுங்கள் என்கிறேன். வீடு எரிந்து ஒரு அறைதான் மிஞ்சியிருக்கிறது. தீ வைத்தது நான் இல்லையே என்று சொல்லி அந்த அறையின் கதவை நீங்கள் கழற்றிக்கொண்டு போக முடியாது.

தூண்டில்காரர்கள் இருந்தால்தானே வெடிக்காரர்கள் வரமாட்டார்கள்? நாங்கள் காவல் மாதிரித்தானே?

இதில் பாதி உண்மை இருக்கிறது. கர்நாடகத்தில் காவிரிக் கரையில், பீமேஸ்வரி, கலிபோரே பக்கம், காட்டுக்குள்ளேயே மாசீர் முகாம்கள் பல வருடம் நடந்தன. பிடித்து, எடை போட்டு, திருப்பி விடுவார்கள். வெடி வைத்துத் திரிந்த ஆட்களுக்கே அங்கே வழிகாட்டி வேலை கொடுத்தார்கள், அந்த நீளத்துக்கு ஆற்றில் வெடிச் சத்தம் குறைந்தது. பிறகு வனவிலங்குச் சட்டத்தைக் காட்டி அங்கே தூண்டிலை நிறுத்தினார்கள். காவலும் போச்சு என்று தூண்டில்காரர்கள் இன்றும் புலம்புகிறார்கள், அந்தப் புலம்பலில் நியாயம் உண்டு.

ஆனால் மீதிக் கதையையும் கேளுங்கள். அந்த முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த கணக்கைப் பிறகு ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். மொத்த மாசீர் எண்ணிக்கை ஏறியிருந்தது, ஆனால் ஏறியது வேறு ஆற்றிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத் துடுப்பு மாசீர். காவிரிக்கே உரிய திமில் மாசீர் படிப்படியாகக் காணாமல் போயிருந்தது. 2018இல்தான் அதற்குச் சரியான அறிவியல் பெயரே உறுதியானது, அதே வருடம் மிகவும் அருகிய இனம் என்ற பட்டியலிலும் போட்டார்கள். மீன் நிறைய இருக்கிறதே என்று எல்லாரும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது, ஆற்றின் சொந்த மீன் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க உதவியது தூண்டில்காரர்களின் நோட்டுப் புத்தகம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அநியாயம்.

நம் ஊரில் காவல் இருக்க ஆசை என்றால் பூங்காவுக்கு வெளியே ஆறு நீளமாகக் கிடக்கிறது. நக்கிள்ஸ் அடிவாரத்தில் நஞ்சு கலக்கும் இடங்களுக்கு இரவில் போய்க் காவல் இருக்க யாராவது தயார் என்றால் சொல்லுங்கள், தேத்தண்ணி நான் கொண்டுவருகிறேன்.

மீன் பிடிப்பதே பாவம் என்று சிலர் சொல்கிறார்களே. இது மதப் பிரச்சினையா?

எனக்கு இல்லை. இந்த நாட்டில் அது அரசியலும் ஆகியிருக்கிறது. 1990இல் குளத்து மீன்பிடிக்கு அரசு தந்துவந்த ஆதரவையே நிறுத்திவிட்டார்கள், அரசாங்கமே உயிர்க்கொலையை வளர்ப்பதா என்ற எதிர்ப்புதான் காரணம். 1994க்குப் பிறகுதான் திரும்பத் தொடங்கியது. இடையில் அடி வாங்கியது குளத்தை நம்பியிருந்த ஏழை மீன்பிடிக்காரர்கள். அதனால் பாவ புண்ணியத்தை வைத்து இதைத் தீர்க்கப் பார்த்தால் எனக்குப் பயம். நான் மீன் தின்கிறவன், திலாப்பியாவைக் கொன்றுதான் தின்கிறேன். எந்தத் தண்ணீரில் எந்த மீன் என்பது மட்டும்தான் என் கேள்வி.

சரி, அப்படியானால் எங்கேதான் பிடிப்பது?

காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை மாதிரி டேம்களில் திலாப்பியாவும் கார்ப்பும் இருக்கின்றன. கடையில் பாண் வாங்கிப் பிசைந்தாலும் போதும், கோதுமை மா உருண்டையில் கொஞ்சம் மஞ்சள் சேர்த்தாலும் சரி, மண்புழு என்றால் இன்னும் நல்லது. விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் கடி அதிகம். மின்சார சபையின் எல்லைக்குள், அணைக்கட்டுப் பக்கம், கதவுப் பக்கம் போகக் கூடாது. உள்ளூரில் வலை போடும் சங்கம் இருந்தால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அவர்கள் வயிற்றுப் பிழைப்பு அது.

இதைக் கவனமாகக் கேளுங்கள்: தண்ணீர் இறங்கிய டேமின் ஓரத்துச் சேறு பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும், கால் வைத்தால் இடுப்பு வரை இழுக்கும். அணைக்குக் கீழே ஆற்றில் நின்றால் கதவைத் திறக்கும்போது தண்ணீர் எப்படி வரும் என்று சொல்லவே வேண்டாம். மீனுக்காக உயிரை விடாதீர்கள்.

வீட்டுத் தொட்டி மீனை ஓடையில் விடலாமா? கொசுவுக்கு கப்பி விடலாமா?

விடாதீர்கள். ட்ரவுட்டும் இப்படித்தான் வந்தது.

காட்டுக்குள் யாராவது வெடியோ நஞ்சோ போடுவதைப் பார்த்தால்?

வீரம் காட்டாதீர்கள், அவர்கள் கையில் வெடி இருக்கிறது. இடம், நேரம், வாகன இலக்கம் குறித்துக்கொண்டு 119க்குச் சொல்லுங்கள், அல்லது பக்கத்து வனசீவராசிகள் அலுவலகத்துக்கு. ஒரு தரம் சொல்லி யாரும் வராவிட்டால் இரண்டாம் தரமும் சொல்லுங்கள். மூன்றாம் தரம்தான் வருவார்கள், என் அனுபவம் அப்படி.

பிள்ளைகளை ஓடைக்குக் கூட்டிப்போகிறேன். தூண்டில் இல்லாமல் அங்கே என்ன செய்வது?

பூங்காவுக்குள் என்றால் தண்ணீரில் இறங்காமல் பாலத்தில் நின்று பாருங்கள், கறுப்புக் கண்ணாடியில் பளபளப்பை வெட்டுகிற வகை உண்டு, அதைப் போட்டால் அடிக்கல்லு வரை தெரியும். அசையாமல் ஐந்து நிமிடம் நிற்கப் பிள்ளைகளுக்குப் பழக்குவதுதான் கஷ்டம், மற்றதெல்லாம் மீனே பார்த்துக்கொள்ளும்.

தோட்டத்து ஓடை என்றால் இன்னும் சுகம். தட்டையான பாறையாகப் பார்த்து உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கவிடச் சொல்லுங்கள். முதலில் ஒன்றும் வராது. அப்புறம் ஒரு கல் பாண்டியா வரும், குதிகாலை லேசாகக் கொறிக்கும், பிள்ளை கத்தும், மீன் ஓடிவிடும், திரும்பவும் வரும், இந்தத் தடவை நாலைந்து சேர்ந்து வரும். என் மகள் சிரித்துச் சிரித்து பாறையிலிருந்தே வழுக்கி விழுந்தாள். இதே கூச்சத்துக்கு ஊருக்குள் கண்ணாடித் தொட்டி வைத்துக் கட்டணம் வாங்குகிறார்கள். இங்கே சும்மாதான், அட்டைக்கடி மட்டும் கூடுதல், அதனால் உப்புப் பொட்டலம் ஒன்று கையோடு எடுத்துப் போங்கள்.